ஸ்வேட் ஷூவில் சாம்பார் கொட்டினால்

கேள்வி இது: அக்கா கல்யாணத்துக்காக மணல் நிறத்தில் ஒரு ஸ்வேட் ஷூ வாங்கியிருக்கிறார் ஒரு தம்பி. ரிசப்ஷன் பந்தியில் வலது கால் ஷூவின் முன்பக்கத்தில் சாம்பார் சிந்திவிட்டது. மண்டபத்துக் குழாயடியிலேயே பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். மஞ்சளாக இருந்த கறை செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. காய்ந்ததும் அதைச் சுற்றி வட்டமாக ஒரு விளிம்பு விழுந்து, அந்த இடம் அட்டை மாதிரி விறைத்துப் போய்விட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா, தூக்கிப் போட வேண்டியதுதானா என்று கேட்கிறார்.

தூக்கிப் போட வேண்டாம், தம்பி. ஆனால் இப்போதைக்கு அதன்மேல் கையும் வைக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக ஆரம்பியுங்கள். கை வேலை மொத்தமே ஒன்றிரண்டு மணி நேரம்தான். இடையிடையே காத்திருக்க வேண்டியது ஒரு வாரம், பத்து நாள். ஸ்வேட்டைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்து நாளைப் பொறுக்க முடியாதவர்கள்தான்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். முதலில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிற டிரம்மில், அப்புறம் தோலை உரசி எடுக்கிற பஃபிங்கில். அதனால் உங்கள் ஷூவைப் பற்றிக் கேட்டதுமே எனக்குத் தெரிந்தது, அதில் இருப்பது ஒரு கறை இல்லை, நான்கு என்று. எண்ணெய், மஞ்சள், சோப்பு, தண்ணீர் வட்டம். முதல் இரண்டும் சாம்பார் கொடுத்தது. பின் இரண்டும் உங்கள் கைங்கரியம். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. வரிசை மாறினால் ஒன்றைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உள்ளே இறக்கிவிடுவோம்.

முதலில் ஸ்வேட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சாதாரண ஷூத் தோலின் மேல் நிறமும் பிசினும் கலந்த ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கறை அதன்மேல்தான் உட்காரும், துடைத்தால் போய்விடும். ஸ்வேட்டில் அந்தப் பூச்சே கிடையாது. தோலின் உட்புறம், அதாவது சதையை ஒட்டியிருந்த பக்கத்தை, உருளையில் சுற்றிய உப்புத்தாளில் ஓட்டி நார்களைக் கிளப்பிவிடுகிறோம். கரடான தாளில் தொடங்கி நயமான தாளில் முடிப்போம். அப்படி நிற்கிற நார்க் கூட்டம்தான் நீங்கள் தடவிப் பார்க்கிற அந்த மென்மை. நல்ல ஆட்டுத்தோல் ஸ்வேட்டில் விரலால் உங்கள் பெயரை எழுதலாம். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் அழிந்துவிடும். டேனரியில் இதற்கு ரைட்டிங் எஃபெக்ட் என்று பெயர். வாங்க வருகிறவர்கள் தோலைக் கையில் எடுத்ததும் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பார்கள்.

மாட்டுத்தோல் தடிமனாக இருப்பதால் அதை மெஷினில் இரண்டாக அறுத்து, கீழ் அடுக்கில் ஸ்வேட் செய்வார்கள். ஸ்ப்ளிட் என்போம். அதில் நார் நீளமாக, கொஞ்சம் முரடாக இருக்கும், தேய்ப்பைத் தாங்கும். உங்களுடையது அதுவாக இருந்தால் நல்லது. நூபக் என்று ஒன்று இருக்கிறது, அது தோலின் மேற்புறத்தை லேசாக உரசி எடுத்தது. பார்க்க ஸ்வேட் மாதிரியேதான் இருக்கும், ஆனால் நார் மிகச் சிறியது. அதில் உப்புத்தாளை அழுத்தினால் வழுக்கை விழுந்துவிடும்.

இந்த நிற்கிற நார்களைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தேன். மே மாதம். வெளிர் நிற ஸ்வேட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் நெற்றி வியர்வை ஒரு சொட்டு மேல் தோலில் விழுந்தது. பதறிப்போய் கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். மிளகளவு இருந்தது எட்டணாக் காசளவு ஆகிவிட்டது. பஃபிங் மேஸ்திரி பார்த்தார். "கையை எடுடா. அது பாட்டுக்குக் காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, அதே லாட்டில் வெட்டி எறிந்த ஒரு துண்டு ஸ்வேட்டை எடுத்து, அந்தப் பொட்டின்மேல் மூன்று நான்கு தடவை உரசினார். ஸ்வேட்டில் ஸ்வேட். வட்டம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு நான் தேய்க்காமல் விட்டிருந்தால் அந்த உரசலே தேவைப்பட்டிருக்காது.

ஏன் அந்த வட்டம் விழுகிறது? தோலுக்குள் ஒட்டாமல் நிற்கிற சாயம், எண்ணெய், உப்பு எல்லாம் கொஞ்சம் இருக்கும். ஒரு பகுதி மட்டும் நனைந்தால் தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு, காயக் காய ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஓரத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும், சரக்கு அங்கேயே தங்கிவிடும். டேபிளில் சிந்திய காபி காய்ந்தால் நடு வெளுத்து ஓரம் கறுத்திருக்கும் இல்லையா, அதே கதைதான். நம் ஊர் போர் தண்ணீராக இருந்தால் அதில் இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்து வெள்ளையாக ஒரு கோடும் போடும். மண்டபத்துக் குழாயில் பெரும்பாலும் அதுதான் வந்திருக்கும்.

விறைப்புக்குக் காரணம் வேறு. தோல் பதனிட்டுச் சாயம் ஏற்றிய பிறகு அதற்கு எண்ணெய் ஊட்டுவோம். நார்களுக்கு நடுவே அந்த எண்ணெய் இருப்பதால்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு நிற்கின்றன. சோப்பு அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. காயும்போது நார்கள் ஒட்டிக்கொண்டன. சோப்பும் கொஞ்சம் உள்ளே தங்கிப் பசை மாதிரி பிடித்திருக்கும்.

இப்போது அந்தச் செங்கல் நிறம். உங்கள் அக்காவும் அத்தானும் வாசலில் நின்றபோது ஆரத்தி எடுத்திருப்பார்கள். அந்தத் தட்டில் சிவப்புச் சாயம் எதுவும் கிடையாது. மஞ்சள் தண்ணீரில் ஒரு விரல் சுண்ணாம்பு, அவ்வளவுதான். மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற நிறப்பொருள், காரம் பட்டால், அதாவது சுண்ணாம்பு மாதிரி அமிலத்துக்கு எதிரான பொருள் பட்டால், சிவக்கும். குங்குமம் செய்வதும் இந்த வழியில்தான். பாத்திரச் சோப்பும் காரம். நீங்கள் ஷூவுக்கு ஆரத்தி எடுத்துவிட்டீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், புளிப்புப் பட்டால் அந்தச் சிவப்பு திரும்ப மஞ்சளாகிவிடும். புதுக் கறை எதுவும் வந்துவிடவில்லை, பழைய மஞ்சள்தான் வேஷம் மாறி நிற்கிறது.

சோப்பு தோலுக்கு ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள பொருள். டிரம்மில் சாயம் ஏறி முடிந்ததும் கடைசியாக ஃபார்மிக் அமிலம் விட்டுத்தான் அதை நிலைநிறுத்துவோம். அதுவரை கலங்கலாக இருக்கிற தண்ணீர், அமிலம் போன கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். சாயம் முழுவதும் தோலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அமிலம் கட்டிவைத்த சாயத்தைக் காரம் அவிழ்த்துவிடும். அதனால்தான் சோப்பு, சோடா உப்பு, சலவைப் பொடி எல்லாம் ஸ்வேட்டுக்கு எதிரி, வினிகர் மட்டும் ஓரளவு நட்பு. கறை என்றாலே பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசச் சொல்கிற வீடியோக்களை நானும் பார்க்கிறேன். மஞ்சள் கறையில் அதைப் பூசினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

வேலையில் இறங்குவதற்கு முன்னால் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இது உண்மையில் தோல்தானா? ஸ்வேட் என்று விற்கிறதில் பாதிக்குமேல் பாலியெஸ்டர் மைக்ரோஃபைபராக, அதாவது செயற்கை இழைத் துணியாக, இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. ஜப்பானில் டோரே கம்பெனியின் மியோஷி ஒகமோட்டோ 1970-இல் கண்டுபிடித்த அல்ட்ராஸ்வேட் அந்த ஜாதிதான், அது சில சமயம் தோலைவிடவே விலை அதிகம். ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, அறுத்த ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராக, ஒழுங்கில்லாமல், தடிமன் முழுக்க ஒரே மாதிரி தெரியும். செயற்கை என்றால் அடியில் துணி நெசவோ ஒரே சீரான பஞ்சு அடுக்கோ தெரியும். துணிதான் என்றால் மிச்சத்தை நீங்கள் படிக்க வேண்டியதே இல்லை. கறைமேல் லேசாக வினிகர் தொட்டு, அப்புறம் மிதமான ஷாம்பூ தண்ணீரில் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தோல்தான் என்றால் சாமான்களைச் சேகரியுங்கள். மிருதுவான ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் விறைப்பான ஒரு நைலான் பிரஷ், ஸ்கூல் பையன்கள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பர், முல்தானி மட்டி அல்லது கார்ன்ஃப்ளவர், வெள்ளை வினிகர், மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஹார்ட்வேர் கடையில் 400 நம்பர் உப்புத்தாள் ஒன்று, சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணி. தண்ணீருக்கு, பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில். இதுதான் முக்கியம். போர் தண்ணீரால் விழுந்த வட்டத்தைப் போர் தண்ணீராலேயே எடுக்க முடியாது. ஆல்கஹாலுக்குப் பதிலாக வீட்டில் இருக்கிற சானிடைசரை எடுத்துவிடாதீர்கள்; அதில் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது தோலில் பிசுபிசுப்பாகத் தங்கும். பித்தளைக் கம்பி பிரஷ் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், இரும்புக் கம்பி மட்டும் வேண்டாம். ஆவாரம்பட்டை மாதிரி பட்டையில் பதனிட்ட தோலாக இருந்தால், ஈரத்தில் இரும்பு பட்ட இடம் கறுத்துவிடும்.

முதல் வேலை எண்ணெய். ஷூ முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பிரஷ்ஷால் நாரைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, கறையின்மேல் முல்தானி மட்டியைத் தூளாகவே குவித்து வையுங்கள். தண்ணீரில் குழைத்துவிடாதீர்கள், இது ஃபேஸ்பேக் இல்லை. ஆட்டு ரோமத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு காலத்தில் கம்பளி வேலைக்காரர்கள் பயன்படுத்திய அதே ஜாதி மண்தான் இது, எண்ணெயை உறிஞ்சுவதில் கெட்டிக்காரன். குவியலின்மேல் வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி வெந்நீர் ஊற்றி அதன் அடிப்பாகத்தை அங்கே ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். சூட்டில் எண்ணெய் இளகிப் பொடிக்கு ஏறும். இஸ்திரிப் பெட்டியை வைப்பவர்கள் உண்டு. எனக்கு டம்ளர்தான் நம்பிக்கை, எவ்வளவு முயன்றாலும் அது கொதிநிலையைத் தாண்டாது. ராத்திரி முழுக்கப் பொடி அப்படியே இருக்கட்டும். காலையில் தட்டிவிட்டு, புதுப் பொடி வைத்து இன்னொரு ராத்திரி. பொடி கட்டி கட்டியாக, நிறம் மாறி வருகிறவரை இதைச் செய்யலாம். இரண்டு மூன்று முறை தேவைப்படும். இது கறுப்பு ஷூவாக இருந்தால் நான் பொடியே சொல்லியிருக்க மாட்டேன். நாருக்குள் மாட்டிக்கொண்ட வெள்ளையை எடுப்பது தனி வேலை. உங்கள் மணல் நிறத்துக்குப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, சோப்பும் சிவப்பும். ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர். ஷூ நாக்கின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, நிறம் போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கறைமேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு ஒற்றுக்கும் துணியின் புது இடம். கண்முன்னாலேயே செங்கல் நிறம் வடிந்து மஞ்சள் தெரியும். கறை திரும்பி வந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டியது. துணியில் நுரை மாதிரி வழுவழுப்பு வந்தால் சோப்பு வெளியே வருகிறது என்று அர்த்தம். அது நிற்கிறவரை ஒற்றுங்கள்.

மூன்றாவது, மஞ்சள். இது தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். ஈரம் கொஞ்சம் உலர்ந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து ஒற்றிக்கொண்டு வாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் கறை விரியும். இங்கே கண் முழுவதும் துணிமேல் இருக்கட்டும். துணியில் எலுமிச்சை மஞ்சள் ஏறினால் தொடருங்கள். பழுப்பு ஏற ஆரம்பித்த கணமே நிறுத்திவிடுங்கள், அது ஷூவின் சொந்தச் சாயம். முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று இந்தக் கட்டத்தில் ஆசைப்படாதீர்கள். பாதி போனால் போதும். மீதியை எடுக்க வேறு ஆள் வருவார்.

நாலாவது, வட்டம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: ஈரத்தால் வந்த வட்டத்துக்கு ஈரம்தான் மருந்து. ஆனால் ஷூ முழுக்க. வட்டம் இருக்கிற இடத்தை மட்டும் நனைத்தால் அதற்கு வெளியே இன்னொரு வட்டம் விழும். இஸ்திரிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, தையலுக்குத் தையல், ஒரு பாகம் விடாமல் ஒரே சீராகப் பனி மாதிரி அடியுங்கள். நிறம் எல்லா இடத்திலும் ஒரே அளவு கருத்திருக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். அப்புறம் ஒரு ஸ்பாஞ்சால் மேலாக ஒத்தி எடுத்து, உள்ளே வெள்ளைத் துணியையோ டிஷ்யூவையோ திணித்து, காலில் இருக்கிற வடிவத்துக்கு நிமிர்த்தி வையுங்கள். வெளிர் நிற ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்தால் மை இறங்கும். ஃபேன் ஓடுகிற அறையில், நிழலில், ஒரு நாள். ஹேர் டிரையர், மாடி வெயில், காஸ் அடுப்புக்குப் பக்கம், எதுவும் கூடாது. டேனரியில் குரோமில், அதாவது குரோமிய உப்பில், பதனிட்ட ஈரத்தோலைச் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். பதம் சரியென்றால் அப்படியே இருக்கும், இல்லையென்றால் வறுத்த அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். ஆக நல்ல குரோம் தோல் சூடு தாங்கும். உங்கள் ஷூத் தோல் எப்படிப் பதனிட்டது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதோடு தோல் தாங்கினாலும் அடியில் இருக்கிற பசை தாங்காது, சோல் பிரியும்.

இடது ஷூவுக்கும் இதே குளியல் உண்டு. வலதுக்கு மட்டும் செய்தால் காய்ந்த பிறகு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது.

முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் ஷூவைக் கையில் எடுத்து, விறைத்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் முன்னும் பின்னும் வளைத்துக் கசக்குங்கள். ஒட்டிய நார்களைப் பிரிக்க இதுதான் வேளை. டேனரியில் இதற்கென்றே தோலைத் தட்டித் தட்டி இளக்குகிற மெஷின் இருக்கிறது. வீட்டில் கட்டைவிரல்தான் மெஷின். முழுக்கக் காய்ந்ததும் ரப்பரால் நன்றாக உரசி, பிரஷ்ஷால் முதலில் எல்லாத் திசையிலும், கடைசியில் ஒரே திசையில். இன்னும் அட்டையாக இருக்கிற இடம் ஏதாவது இருந்தால் உப்புத்தாளை விரல்நுனியளவு கிழித்து, குழந்தை கன்னத்தைத் தொடுகிற அழுத்தத்தில் நாலு சுற்று. ஊதிவிட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் நாலு. இங்கே உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. ஸ்வேட்டில் மேல்நாரைக் கொஞ்சம் உரசி எடுத்தால் அடியிலும் அதே நிறம் இருக்கும். பூச்சுத் தோலில் இது நடக்காது.

மீதி மஞ்சளை எடுக்கிற ஆள் வெயில். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் சாம்பாரைத் துவைத்து வெயிலில் போட்டால் மறைந்துவிடும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, சிதைந்து நிறமிழந்துவிடும். ஷூவின் சாயம் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, ஆனால் வெளுக்காமலும் இருக்காது. அதனால் நேர் வெயில் வேண்டாம். வெளிச்சம் நன்றாக வருகிற ஜன்னலோரத்தில், இரண்டு ஷூவையும் ஒரே திசை பார்க்க, நாலைந்து நாள். தினமும் சாயங்காலம் எடுத்துப் பாருங்கள். போதும் என்று தோன்றிய அன்றைக்கு அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

சாம்பாரில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம், அதில் எல்லாக் கறையும் ஒன்றாக இருப்பதுதான். மற்றவை இவ்வளவு தொந்தரவு இல்லை. சேறு பட்டால் காயவிட்டுத் தட்டி எடுங்கள், ஈரச்சேற்றைத் துடைப்பதுதான் தப்பு. சூயிங்கம், மெழுகு இரண்டுக்கும் ஷூவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம். கல்லாகிவிடும், நகத்தால் பெயர்த்துவிடலாம். புது ஜீன்ஸின் நீலம் கணுக்கால் பக்கம் ஏறியிருந்தால் ரப்பர் மட்டும் போதும், அது தண்ணீரில் கரைகிற சாயம் இல்லை, உரசி ஒட்டிய தூள். பால்பாயின்ட் மைக்கு ஆல்கஹால் ஒற்று, உடனே செய்தால் போகும், ஒரு வாரம் கழித்து என்றால் உப்புத்தாள்தான். ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஒற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ரத்தத்தை எடுக்கும், கூடவே ஷூவின் நிறத்தையும் எடுத்து வெள்ளைப் பொட்டு வைத்துவிடும்.

பூஞ்சைக்கு மட்டும் கொஞ்சம் அக்கறை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் மூடிவைத்த ஸ்வேட்டில் சாம்பல் பூத்தது மாதிரி வரும். அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள், பக்கத்து ஷூவுக்கும் பரவும். மொட்டைமாடியில் கொண்டுபோய் பிரஷ் செய்து, ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து உள்ளும் புறமும் ஒற்றி, காற்றில் உலரவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைக்காமல் துணிப்பையில் வைத்தால் இது பெரும்பாலும் வராது.

டிரை கிளீனிங் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். சாதாரணச் சலவைக் கடையில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உறவினர் ஒருவரின் ஸ்வேட் ஜாக்கெட்டை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். எண்ணெய்க் கறை போய்த்தான் வந்தது. தோலுக்கு ஊட்டியிருந்த எண்ணெயும் சேர்ந்து போயிருந்தது. கையைத் தூக்கினால் கறக் கறக் என்று சத்தம் வரும். அந்தக் கரைப்பானுக்கு எது சமையல் எண்ணெய், எது தோல் எண்ணெய் என்று தெரியாது. தோல் வேலைக்கென்றே இருக்கிற ஆள் கிடைத்தால் கொடுங்கள், எண்ணெயைத் திரும்ப ஊட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து ஷூ பழையபடி ஆகிவிட்டால், தண்ணீர் ஒட்டாத ஸ்வேட் ஸ்ப்ரே ஒன்றை ஒரு அடி தள்ளி நின்று இரண்டு முறை அடித்துவைக்கலாம். அடுத்த தடவை சாம்பார் சிந்தினால் கொஞ்ச நேரம் முத்தாக நிற்கும், டிஷ்யூவின் முனையை வைத்து உறிஞ்சிவிடலாம். கொதிக்கிற ரசத்தை அது தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நிழல் மாதிரி ஏதாவது தங்கினால் என்ன செய்வது? நான் என்றால் இன்னொரு சுற்று ஆல்கஹாலுக்குப் போக மாட்டேன். சாயத்துக்குப் போவேன். சென்னைப் பெரியமேட்டில் தோல் சாமான் கடைகளில் ஸ்வேட்டுக்கான சாயம் என்று கேளுங்கள், தண்ணீர் மாதிரி இருக்கும். கெட்டியான பெயின்ட் மாதிரி எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள், நார் மொத்தமும் ஒட்டிக்கொண்டு ரெக்ஸின் ஆகிவிடும். மணல் நிறத்திலிருந்து அடர் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகலாம், அதிலிருந்து திரும்பி வர முடியாது. சோல் ஓரத்தில் டேப் ஒட்டி, இரண்டு ஷூவையும் ஒரே பாட்டிலில், ஒரே நாளில் முடித்துவிடுங்கள். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராகத்தான் இருக்கும், அது இந்தச் சாயத்தைப் பிடிக்காமல் பழைய மணல் நிறத்திலேயே பளிச்சென்று நிற்கும். யாராவது கேட்டால் டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாம்.